நிலுவை

இந்த அறைக்கு ஒரே சன்னல்.
திறந்தால் டானிங்டன் பக்கமிருந்து மூடுபனி
கேட்காமல் உள்ளே வந்து
பதிவேடுகள் மேல் உட்கார்ந்துகொள்ளும்.
மூடினால் பூஞ்சை.
இரண்டுக்கும் நடுவே எட்டு மாதமாக
நானும் ஒரு கேமராவும்
தலைமுடி உலர்த்துகிற கருவி ஒன்றும்.

கேமராவைத் தாங்கி நிற்பது தையல் மெஷினின் கால்.
சங்கம் தையல் வகுப்பு நடத்திய வருஷம்
பத்து மெஷினுக்குத்தான் ரசீது இருக்கிறது.
இது பதினோராவது.

பக்கத்தைப் புரட்டு, கண்ணாடியை இறக்கு,
மூச்சைப் பிடி, சொடுக்கு.
கம்பளி கொடுத்தது. மூக்குக்கண்ணாடி கொடுத்தது.
கூப்பன் தொலைந்ததற்குத் தாசில்தாருக்கு மனு.
மண்டபம் முகாமிலிருந்து லாரியில் வந்தவர்களுக்கு
வீடு ஒதுக்கும்வரை பள்ளிக்கூட வராந்தா,
குடும்பத்துக்கு நாலு பெஞ்சு.
ஒரு பக்கம் முழுக்கக் கைநாட்டு.
ஊதா மையில் முப்பது பெருவிரல்,
ஒவ்வொன்றிலும் கொழுந்து கிள்ளிய வெடிப்பு.
மென்பொருள் அவற்றை எழுத்தென்று நம்பி
ஐஐஒஇ என்று வாசித்தது.
எழுபத்து நாலாம் வருஷத்தை
ராமபாணப் பூச்சி தின்றுவிட்டது.
ஏப்ரலை மட்டும் விட்டிருக்கிறது,
பிடிக்கவில்லை போல.

கோப்பு எண் 588இல் கை நின்றது.
சிட்டம்மா, க/பெ வைரன், வயது இருபத்திரண்டு.
ஆட்டுக்குட்டி இரண்டு வாங்கக் கடன் ரூ. 180.
நிலுவை ரூ. 20.
அதற்குக் கீழே, வேறு யாரோ, பென்சிலில்:
இரவு வந்தாள். தோளில் காயம்.
கணவன் பெயரை எழுத வேண்டாம் என்கிறாள்.
பெயர் மேலேயே இருக்கிறது.

அட்டவணையின் கடைசிக் கட்டம்
வெளியிடலாமா என்று கேட்கும். ஆம், இல்லை.
"அந்தக் காலத்து ஆளுங்க, யாரு இருக்கப் போறா?
ஆம்னு போட்டுட்டுப் போம்மா"
என்றார் செயலாளர் இஸ்ரவேல்.

சிட்டம்மா இருக்கிறார்.
கட்டபெட்டு பஸ் நிறுத்தத்தில் கேரட் விற்கிறார்.

புதன்கிழமை, நகலை ஸ்வெட்டருக்குள் வைத்துப் போனேன்.
மேல்பாதியை வாசித்து மடிக்கப் பார்த்தேன்.
"கீழ பென்சில்ல என்னமோ இருக்கே, அதையும் படி."
படித்தேன்.
குன்னூர் பஸ் வந்து, நின்று, போனது.
வாளித் தண்ணீரில் நாலு கேரட்டைக் கழுவி
இலையோடு கட்டி வைத்தார்.
"அதை நான் யோசிச்சுச் சொல்றேன்.
மேல போட்டிருக்கியே நிலுவைன்னு, அது பொய்.
கிடாய் வித்து அந்த இருபதையும் கட்டிட்டேன்.
அன்னிக்குப் பேய் மழை. ரசீது பொஸ்தகம் நனைஞ்சுபோச்சு,
நாளைக்குத் தாறேன்னு சொன்னாங்க அந்த டீச்சரம்மா.
அந்த நாளை இன்னும் வரல."

பழைய பக்கத்தில் ஒரு புள்ளிகூட நான் வைக்கக் கூடாது.
அதுதான் எனக்குக் கற்பித்த முதல் விதி.
குறிப்பு என்ற வெற்றுக் கட்டத்தில் தட்டினேன்:
கடன் முழுவதும் செலுத்தப்பட்டது.
சொன்னவர் சிட்டம்மா, பஸ் நிறுத்தத்தில், பிற்பகல்.
கேட்டவள் நான்.

கடைசிக் கட்டம் மட்டும் காலி.
காலியை மென்பொருள் ஏற்காது,
தினமும் அந்த வரி சிவப்பாக விழிக்கிறது.
இஸ்ரவேல் சார் இரண்டு தடவை கேட்டுவிட்டார்.

வாரம் ஒரு கட்டு கேரட் வாங்குகிறேன்.
நான் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை.
சில்லறையை என் கையில் எண்ணி வைத்து,
சிரிக்காமல்,
"ரசீது வேணுமா?" என்கிறார்.