ஒரு பாகமும் நாலு விரலும்

பதினாறாம் சேனலின் அலைக்கு நீளம்
ஒரு பாகமும் நாலு விரலும்.
கணக்குப் போட்டுத்தான் சொல்கிறேன்.
கயிறு விட்டு ஆழம் பார்க்கிறவர்களிடம்
மீட்டரில் பேசினால் சிரிப்பார்கள்.

தங்கச்சிமடத்தில் வயர்லெஸ் பெட்டி பழுது பார்ப்பவள் நான்.
உப்பு தின்ற ஒயர், பச்சை பூத்த பித்தளை,
மத்தி வாசனையோடு வரும் மைக்.
"இதுக்குள்ள என்னதான் ஓடுது பிலோமி?"
சூசை மிக்கேல் ஒவ்வொரு தடவையும் கேட்பார்.
வெளிச்சந்தாண்ணே.
பாம்பன் விளக்கு வீசுற அதே சாமான்,
நீளம் மட்டும் வேற.
நெத்திலிக் கண் வச்ச வலையில
சுறா நிக்குமா?
நம்ம கண்ணு நெத்திலிக் கண்ணு.
இந்தச் சுறா கிழிக்காமலே போயிரும்,
உங்க நெஞ்சுக்குள்ள, என் நெஞ்சுக்குள்ள, சுவருக்குள்ள.

பங்குனியில் ஒரு ராத்திரி காற்று செத்துக் கிடந்தது.
அடியில் ஈரக் காற்று,
அதன்மேல் சூட்டுக் காற்று மூடிபோட்டாற்போல்.
அப்படிப்பட்ட நாளில் அலை
வானத்துக்குத் தப்பாமல்
நீர்மட்டத்தோடு வளைந்து வளைந்து வெகுதூரம் போகும்.
ஸ்டெல்லா மேரி திரும்பவில்லை.
அவர்கள் பெட்டியைப் போன வாரம் பூட்டிக் கொடுத்தது இந்தக் கை.
மாடியில் என் பெட்டி
எண்ணெய் பொரிகிற மாதிரி இரைந்துகொண்டிருந்தது.
சூசையண்ணன் உட்காரவே இல்லை.

இரண்டே முக்காலுக்கு:
"பேசாலை குரூஸ் கதைக்கிறன்.
உங்கட போட் ஒண்டு கோட்டுக்கு இங்கால மிதக்குது.
எஞ்சின் வேலை செய்யேல்ல.
பக்கத்தில நிண்டபடியா எனக்கு மட்டும் அவங்கட சத்தம் கேட்டது.
கயிறு குடுத்திட்டம்.
நேவி வர முந்தி இழுத்து விடுறம்."

அந்தக் குரல் கடலைத் தாண்டி என் மாடிக்கு வர
நொடியைப் பத்தாயிரம் கூறு போட்டால் ஒரு கூறு.
கயிறு வந்து சேர
காலை ஒன்பது.

அதற்குள் கொண்டல் எழும்பி
மூடி கலைந்துவிட்டது.
குரூஸ், குரூஸ், பேசாலை குரூஸ் என்று
நான்கு தடவை கூப்பிட்டேன்.
எண்ணெய் பொரிந்தது.

மத்தியானம் ஸ்டெல்லா மேரியின் பெட்டியைத் திறந்தேன்.
ஆன்டெனா முனையில் ஈயம் பிடிக்கவில்லை;
சூடு போதாமல் உருண்டு நின்றிருந்தது.
அந்த விரிசலில் கசிந்தது
பக்கத்துப் படகு வரைக்குந்தான்.

திரும்பப் பற்றவைத்தேன், நன்றாகச் சூடு காட்டி.
சூசையண்ணன் இருநூறு ரூபாய் நீட்டினார்.
வேண்டாம் என்றேன்.
ஏன் என்று கேட்டவருக்கு
மைக்கைத் துடைத்துக் கொடுத்தேன்.