நேரம் சரியில்லை

அவிலேஸ் துறைமுகத்துக்குப் பின்னால்
பழைய இரும்புக் கிடங்கு.
எடைமேடைக் குமாஸ்தா நான்.
லாரி வந்த நேரம், போன நேரம்,
நடுவில் எத்தனை டன்:
உத்தியோகம் அவ்வளவுதான்.

கிரேன், எலோயினா குவேர்வோவின் கையில்.
சங்கிலியில் தொங்குகிறது
வண்டிச்சக்கரம் அகலத்தில் ஒரு மின்காந்தம்.
பொத்தானை அழுத்தினால்
கார்க் கதவும் தண்டவாளத் துண்டும்
யாரோ குளித்த தொட்டியும்
ஒன்றையொன்று பற்றிக்கொண்டு மேலேறும்,
ராட்டினத்தில் ஏறியவர்கள் மாதிரி.
விட்டால், அடுத்த கணமே
யாரோ, எவரோ.

மணிக்கட்டில் ஆரஞ்சு சிலிக்கோன் பட்டை.
கடலில் நீந்துகிறவள், அதற்கென்றே வாங்கியது.
முந்நூறு மீட்டர் ஆழம் தாங்கும் என்று
முதுகில் பொறித்திருக்கிறது.
துரு, கிரீஸ், ஆகஸ்ட் மாத வியர்வை,
எதையும் சட்டை செய்யாது அந்தப் பட்டை.
குழாயில் காட்டி எடுத்தால் புதுசு.
உள்ளே இருக்கும் சுருள்வில்தான் பாவம்.
முடியை விட மெல்லியது,
எந்த ஆழமும் பார்க்காதது.

வெள்ளிதோறும் எங்களுக்குள் சண்டை.
"ஐந்தரை ஆச்சு, இறங்குகிறேன்" என்பாள்.
சுவர்க் கடிகாரத்தைக் காட்டி
"ஐந்தேகால்" என்பேன்.
"உன் கடிகாரமும் உன்னைப் போலத்தான்"
என்று ஏணியில் இறங்கிப் போய்விடுவாள்.
திங்களன்று மட்டும் சண்டை வராது.
அது ஏன் என்று யோசித்ததில்லை நான்.
சனி ஞாயிறு மகனோடு இருக்கையில்
கடிகாரத்தைக் கழற்றி வைப்பாளாம்;
கை அசையாமல் அது நின்றுவிடும்;
திங்கள் காலை வானொலி மணியோசைக்கு
மறுபடி உயிர் கொடுப்பாளாம்.
ஐந்து நாள் கிரேனில் உட்கார்ந்து
கால் மணி முந்திப்போயிருக்கிறது.

பிப்ரவரியில் பட்டையின் ஊசி உடைந்தது.
ஊசி மாற்றப் போன கடையில்
அந்த ஆள், கேட்காமலே,
ஒரு பொம்மைத் திசைகாட்டியைப் பக்கத்தில் வைத்தாராம்.
முள் வடக்கை விட்டுவிட்டு
அவள் கடிகாரத்தைப் பார்த்துத் திரும்பியது.
சுருள்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, அம்மா;
வில் குட்டையாகிவிட்டது;
குட்டைக்கால் வேகவேகமாக நடக்கும்.
நீலப் பெட்டியின் மேல் வைத்து, அழுத்தி,
தூங்கும் பிள்ளையின் பிடியிலிருந்து
விரலை உருவுவது போல் மெல்ல விலக்கினார்.
இரண்டு விநாடி.
ஊசிக்கு மட்டும் காசு வாங்கினார்.

அடுத்த வெள்ளி சரியாக ஐந்தரைக்கு இறங்கினாள்.
சரியாக ஆறு மணிக்கு
மாஜி கணவன் வீட்டு வாசலில் நிறுத்தினாள்.
ஷுர்தே நின்றுகொண்டிருந்தான்,
தோளில் பை,
ஷூ நாடா கட்டி, முகமும் கட்டி.

திங்களன்று காபி இயந்திரத்தின் அருகே சொன்னாள்:
"இவ்வளவு நாள் அவர்கள்தான் தாமதம் என்று நினைத்தேன்.
காரிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன்.
சமையலறை விளக்கு எரியும்.
அப்பனுக்கு அவன் சீட்டாட்டம் கற்றுக்கொடுப்பான்,
கள்ளாட்டம் ஆடி மாட்டிக்கொள்வான்,
நாற்காலியோடு பின்னால் சாய்ந்து சிரிப்பான்.
என்னிடம் அந்தச் சிரிப்பு வருவதில்லை.
நான் பார்ப்பது அவனுக்குத் தெரியாது."
நாணயம் விழாமல் இயந்திரத்தில் மாட்டிக்கொண்டது.
இரண்டு தட்டுத் தட்டினாள்.
என் பேரேட்டில் இதற்கெல்லாம் கட்டம் கிடையாது.

நேற்று வெள்ளிக்கிழமை.
கலீசியாவிலிருந்து வந்த லாரி மேடையில்.
சுவரில் ஐந்தேகால்.
ஜன்னலைத் திறந்து கத்தினேன்:
"எலோயினா, ஐந்தரை!"
மணிக்கட்டைப் பார்த்தாள்.
என்னைப் பார்த்தாள்.
காந்தத்தைத் தரையில் கிடத்தி
மின்சாரத்தை அணைத்து
இரண்டிரண்டு படியாக இறங்கினாள்.

பாதி இரும்பு இன்னும் லாரியில்.
ஓட்டுநர் கைபேசியை நீட்டி நீட்டிக் காட்டுகிறார்,
ஐந்து பதினாறு, ஐந்து பதினேழு.
பேனாவைத் திறந்து
5.30 என்று எழுதிவிட்டுச் சொன்னேன்:
"உங்களுக்கு நேரம் சரியில்லை, ஐயா."