எண்பத்தேழில் ஒரு பங்கு

கொருக்குப்பேட்டை கேட் மூடும் நேரம் பார்த்துத்தான்
இருசப்பன் பசை தடவுவான்.
எண்ணெய் டேங்கர்கள் கடந்து முடியும்வரை
மூன்றாவது மாடி நடுங்கும்.
அந்த நடுக்கத்தில் ஒட்டியது
அப்புறம் பிரியாது என்பது அவன் கணக்கு.

கட்டில் இருந்த இடத்தில் இப்போது ஆறு.
காசிமேட்டிலிருந்து அள்ளிவந்து சலித்த மணல்.
ஏழு கண் பாலம்,
கேரேஜ் ஒர்க்ஸில் கழித்துப்போட்ட தகட்டை
மதிய இடைவேளைகளில் நறுக்கியது.
ஆறு மாதமாகத் தரையில் தூங்குகிறான்.

மூர் மார்க்கெட்டில் எழுபது ரூபாய்க்கு வாங்கிய
விசாரணை அறிக்கையில்
ஓட்டுநர் பெயரைப் பாதி கரையான் தின்றிருந்தது.
மிச்சம், ‘ரத்தினம்’.
மஞ்சள் விளக்கை அவர் கவனிக்கத் தவறினார்.
பதினைந்து மைல் வேகத்தில் வந்திருந்தால்
பாலம் தாங்கியிருக்கும்.
மறுத்துப் பேச அவர் உயிரோடு இல்லை.

“அன்னிக்கி நைட்டு அந்த வளைவுல இன்னா தெரிஞ்சிருக்கும்னு
எவனாவது குனிஞ்சி பாத்தானா?”
இருசப்பன் குனிந்தான்,
கன்னம் தண்டவாளத்தில் படும்படி.
நான் இஸ்திரிக் கடை ஸ்பிரே பாட்டிலால் மழை பெய்தேன்.

மழைதான் சரிவரவில்லை.
எல்லாவற்றையும் எண்பத்தேழில் ஒன்றாக்கியவனால்
தண்ணீரைச் சுருக்க முடியவில்லை.
ஒவ்வொரு துளியும்
ஒரு பயணியின் தலையளவு விழுந்தது.

எனக்கு ஒதுக்கிய வேலை, ஆட்கள்.
பகலெல்லாம் தங்கசாலையில்
அடகு நகை நிறுக்கிற கை நடுங்காது என்று.
ஈய மனிதர்கள், இரண்டு சென்டிமீட்டர்.
அறிக்கையின் பின்னிணைப்பைத் தவிர
எனக்கு வேறு முகம் தெரியாது.
பெண், முப்பது இருக்கலாம், பச்சைப் புடவை,
முந்தானை முடிச்சில் ஒன்றே காலணா.
ஆண், இடது காலில் மட்டும் செருப்பு.
குழந்தை. யாரும் கேட்டு வரவில்லை.

அந்த ஒற்றைச் செருப்புக்கு
எந்தத் தூரிகையும் போதாமல்
என் இமையிலிருந்து ஒரு முடி பிடுங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஓட்டினோம். பதினைந்து மைல் கணக்கில்.
நாலாம் கண் முறிந்தது,
நான் கண்ணைச் சிமிட்டித் திறப்பதற்குள்.
சாண் உயரம்கூட இல்லை,
விழுவதற்கு நேரம் எங்கிருந்து வரும்?
போனில் ஒன்பது மடங்கு மெதுவாக்கிய பிறகுதான்
அது விபத்தாகத் தெரிந்தது.
அதுவரை பொம்மை.

மெதுவாக்கியதில்
மூன்றாம் பெட்டி ஜன்னலில் ஒரு பச்சை,
விழுவதற்கு முன் நிமிர்ந்து பார்த்த மாதிரி இருந்தது.
பசை விட்டிருக்கும்.
வேறென்ன.

“பாத்தியா, பதினஞ்சுலயும் வுழுது! அந்தாளு மேல தப்பே இல்ல!”
இருசப்பன் சிரித்து அன்றுதான் பார்க்கிறேன்.
மூன்று தடவை விழுந்தால்தான் நிரூபணம் என்று
பாலத்தை நிமிர்த்தி வைத்துவிட்டு
டீ வாங்கப் போனான்.

இரண்டாவது தடவை
ரயில் நாலாம் கண்ணின்மேல் ஏறியது.
கொஞ்சம் தயங்கியது.
அந்தக் கரைக்குப் போய்விட்டது.
மூன்றாவது தடவையும்.

கம்பியைப் பார்த்தான், தகட்டைப் பார்த்தான்.
டீ ஆடை கட்டியது.
கடைசியில் மூன்றாம் பெட்டியைத் தூக்கினான்.
எதிர்பார்த்ததைவிட வேகமாக வந்துவிட்டது கை.
“எங்கபா இவங்க?”

என் சட்டைப்பையில்.
நாற்பத்தொரு பேர்,
நூற்றிருபது கிராமுக்குச் சற்றுக் கூட.

“இவங்க பொழச்சா
அந்தாளு குத்தவாளி ஆயிடறாரு,”
கோபமே இல்லாமல் சொன்னான்.
தெரியும் என்றேன்.
டீ வாங்க அவன் படியிறங்கும்போதே தெரியும்.

கேட் மணி அடித்தது. டேங்கர்கள்.
பழக்கத்தில் ஆளுக்கொரு முனையாக
மேசையைப் பிடித்துக்கொண்டோம்.
வளைவில் மஞ்சள் விளக்கு எரிகிறதா என்று
என் முனையிலிருந்து தெரியவில்லை.

நடுக்கம் நின்றதும்
இருசப்பன் உள்ளங்கையை நீட்டினான்.
பைக்குள் விட்ட விரலில்
காலையில் கொடுத்த இரண்டாம் பூச்சு,
பச்சை,
காயாமல் ஒட்டியது.
அவளை விட்டுவிட்டு
மற்றவர்களை எண்ணத் தொடங்கினேன்.