தண்ணீர் நின்ற உயரம்

டெனிஸ் கோவல்சிக் காலணியைக் கழற்றாமலே
நிலவறைக்கு இறங்கினாள்.
தரகர் கண்ணுக்கு
இது இப்போதே வேறு யாருடைய வீடோ.
கயிற்றை இழுத்து விளக்கைப் போட்டாள்.
விருந்தாளி வந்ததும் சட்டை தேடும் பையன்கள் மாதிரி
மரச்சட்டங்கள் வரிசையாய் விழித்து நின்றன.
"பூர்த்தியாகாதது என்று போட வேண்டாம்.
உங்கள் கற்பனைக்காகக் காத்திருக்கிறது,
அப்படி எழுதுவோம்."

இருபத்தெட்டு வருஷம்
என் கற்பனைக்காகக் காத்திருந்தது.

ஒரு சட்டத்தில் என் பென்சில்: இங்கே டிவி.
இன்னொன்றில்: கதவு, இடப்பக்கம் திறக்கணும்.
கழிப்பறை வரும் என்று நம்பி
தரையிலிருந்து மூன்று குழாய்கள்
தலையில் மூடியோடு முளைத்திருக்கின்றன.
டிரம்ஸ் வாசிக்க அறை கேட்ட ஆண்டர்ஸ்
ஒரிகனில், நிலவறையே இல்லாத வீட்டில்,
டிரம்ஸும் இல்லாமல் இருக்கிறான்.

காரணம் கேட்டால் காட்ட எனக்கு ஒரு ஏரி உண்டு.
மார்ச் முதல் ஜனவரி வரை
இரும்புத் தாது ஏற்றிய கப்பலில்
சுப்பீரியரின் குறுக்கே போய்வந்துகொண்டிருந்தேன்.
டுலூத்தில் இருந்த அந்தப் பத்து வாரமும்
தரை சில்லிட்டுக் கிடக்கிறது, பசை பிடிக்காது என்பேன்.
பிடித்திருக்கும.

கட்டிப் பார் என்கிறார்கள் வீட்டை.
விற்றுப் பார்த்தவன் எவனும் வாய் திறக்கவில்லை.
இரண்டாயிரத்து மூன்று என்று சீட்டு ஒட்டிய
பீட்ரூட் ஜாடிகள் ஒன்பது.
இன்று எந்தச் சுவரிலும் இல்லாத நிறங்களில்
நான்கு பெயின்ட் டப்பா.
ஒற்றை ஹாக்கி மட்டை.
ஈரம் உறிஞ்சும் இயந்திரம் ஒன்று வாங்கிவைத்தோம்:
காலையில் ஒரு வாளி, மாலையில் ஒரு வாளி,
சுவர்கள் இத்தனை நாள் எதை அடக்கிவைத்திருந்தனவோ.

படிவத்தில் பதினோராவது கேள்வி.
நிலவறைக்குள் எப்போதாவது தண்ணீர் வந்ததுண்டா?
உண்டு. இல்லை. தெரியாது.
மூன்று கட்டங்கள்.
தெரியாது பக்கம் பேனாவை நகர்த்தினேன்.
பொய்யில்லை, அந்த ஏப்ரலில் நான் கப்பலில்.
வடக்குச் சுவரில் ஒரு பழுப்புக் கோடு இருந்தது, சரிதான்.
சனிக்கிழமை அதன்மேல்
ஈரம் தடுக்கும் வெள்ளை, இரண்டு பூச்சு.

மார்லிஸ் துணி எடுக்க இறங்கியவள்
சுவரைப் பார்த்தாள்.
கூடையை இறக்கிவைத்தாள்.
என் காதில் செருகியிருந்த பென்சிலை உருவி,
கால்சட்டையை முழங்காலுக்குச் சுருட்டிக்கொண்டு
சுவரை ஒட்டி நின்றாள்.
கெண்டைக்காலில் ஓரிடத்தில் விரல் வைத்து,
யோசித்து, அரை அங்குலம் ஏற்றி,
அந்த உயரத்தில் கோடு போடத் தொடங்கினாள்.
குனிந்தபடியே நடந்து
சுவரின் முழு நீளத்துக்கும்.
பெயின்ட் இன்னும் காயவில்லை,
பென்சில் உழுதுகொண்டு போனது.

"மூன்று நாள்," என்றாள்.
"ஆண்டர்ஸுக்கு நாலு வயசு.
இந்தப் படியில் உட்கார்ந்து
பிளாஸ்டிக் வாத்தை மிதக்கவிட்டான்.
அவனுக்கு ஒரே கொண்டாட்டம்."

"நீ சொல்லவே இல்லையே."

"சொன்னேன். கப்பலுக்குப் போன் போட்டு.
பம்ப் ஒன்று வாங்கு என்றாய்."

வாங்கியிருக்கிறாள்.
மூலைக் குழிக்குள் இந்த நிமிஷமும் உறுமுகிறது.
வீட்டோடு வந்தது என்றே
இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன்.

உண்டு என்று அவளே குறித்தாள்.
விளக்கம் எழுத மூன்று வரி விட்டிருந்தார்கள்.
போதவில்லை.
ஓரத்தில் ஏறி, மேலே வளைந்து,
தாளைத் திருப்பிப் பின்பக்கமும் போனது கையெழுத்து.
நான் எட்டிப் பார்க்கவில்லை.

செவ்வாய்க்கிழமை டெனிஸ் வந்தாள்.
கோட்டைக் கட்டைவிரலால் தடவினாள்.
"நாலாயிரம் டாலர் குறையும்."
"குறையட்டும்," என்றாள் மார்லிஸ்,
உலர்ந்த துண்டை உதறி மடித்தபடி.

வாளி நிறைந்திருந்தது.
தூக்கிக்கொண்டு படியேறினேன், தளும்பாமல்.
பதினான்கு படிகள்.
கடைசி நான்குக்குக் கைப்பிடி இல்லை.
இரும்புத் தாங்கிகள் வாங்கிய பையிலேயே
ஆணியில் தொங்குகின்றன.

மணி மூன்றுதான் ஆகிறது.
அதையாவது போட்டுவிடலாம்.