வெண்டைக்காய்

இந்த ஊரில் அதற்கு வெண்டைக்காய் என்று பெயர்.
கொம்போ.
லஞ்சம் என்று யாரும் சொல்வதில்லை.
நாக்கு எலும்பில்லாததுதான்,
என்றாலும் அந்த ஒரு வார்த்தைக்கு வளைவதில்லை.

சிமெண்ட் ஆலையின் இரண்டாம் உலைக்கு
அமைச்சர் ரிப்பன் வெட்டிப் போய் அரை மணியாகிறது.
நாங்கள் இன்னும் எழுந்திருக்கவில்லை.
பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒட்டிக் கிடக்கிறோம்
நாங்களும் துவாலாவின் வெயிலும்.
மக்கள் தொடர்பு அதிகாரி பட்டியலோடு வருகிறார்.
பத்திரிகைக்கு ஐயாயிரம்,
வானொலிக்கு ஏழு,
கேமரா தூக்கி வந்தவனுக்குப் பத்து.
கையெழுத்துப் போடு, உறையை மடி,
நன்றி சொல்லாதே, அது வழக்கமில்லை.

நறுக்கிய கையை எத்தனை தரம் கழுவினாலும்
விரலுக்கும் விரலுக்கும் நடுவே ஒரு நூல்
நீண்டுகொண்டேதான் இருக்கும்.

அந்த ஆலைக்குப் பின்னால் போனபெரி பள்ளிக்கூடத்தில்
பிள்ளைகள் கரும்பலகையைத் துடைக்குமுன்
பெஞ்சைத் துடைக்கிறார்கள்.
எழுதி வைத்திருந்தேன், ஒரு வரி.
மதியச் செய்தியில் அந்த வரி இல்லை.
எடுத்தது நான்தான்.
எடுக்கும்படி யாரும் கேட்கக்கூட இல்லை.

முதலாளி தாங்கூ நல்ல மனிதர்.
பெயர் சொல்லி நலம் விசாரிப்பார்,
என் பிள்ளையின் பல்வலி வரைக்கும் ஞாபகம் வைத்திருப்பார்.
சம்பளம் என்றால் மட்டும்
ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்:
"செலஸ்தீன், நிருபர் அட்டை கொடுத்திருக்கிறேனே.
அதுதான் வயல். போய் அறுத்துக்கொள்."

அக்டோபரில் துறைமுகத்தில் வேலைநிறுத்தம்.
மூன்று மாதச் சம்பள பாக்கிக்காக
கப்பல்கள் கடலில் காத்து நிற்கின்றன என்று வாசித்தேன்,
கோபம் கலக்காத குரலில், பயிற்சியில் சொன்னபடி.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
ஒலிப்பதிவாளன் எப்பியே
பத்து விரலையும் விரித்துக் காட்டினான்.
மூடினான். பிறகு ஒரு விரல் மட்டும்.
எங்கள் கணக்கு.
நேரலையில் சிரித்துத் தொலைத்தேன்.
இருமல் என்று நினைத்திருப்பார்கள்.

மழை ஓயும் நவம்பரில்
ஒலிபரப்புக் கோபுரத்திலிருந்து திரும்பும்போது
மோட்டார் டாக்சியிலிருந்து விழுந்தான்.
தொடை எலும்பு மூன்றாக.
எக்ஸ்ரே எடுக்கவே முன்பணம்.
அவனை ஸ்ட்ரெச்சரில் விட்டுவிட்டு
சமூகக் காப்புறுதி அலுவலகத்து வரிசையில் நான்.
சம்பளம் வந்துகொண்டிருந்த காலத்துச் சீட்டுகள் கையில்.
ஒன்பது வருஷம், மாதம் தவறாமல், பிடித்தம்.
எழுத்தர் தட்டினார்.
மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி தட்டினார்.
"இப்படி ஒருத்தர் இந்த நாட்டில்
ஒரு நாள்கூட வேலை பார்க்கவில்லையே, மதாம்."

அன்று மாலை வங்கிக் கிளைத் திறப்பு விழா.
எப்பியேயின் வெடித்த ஹெல்மெட்டைக்
கடைசி நாற்காலியிலிருந்து முன்னே அனுப்பினேன்.
பிரிக்காத உறைகளோடு திரும்பி வந்தது.
கேமராக்காரன் தன் பத்தாயிரத்தைப் போட்டுவிட்டு
டாக்சிக்கு என்னிடம் இருநூறு கடன் வாங்கினான்.
சிமெண்ட் ஆலையின் ஏழாயிரமும் பையில் இருந்தது,
ஏன் செலவழிக்காமல் வைத்திருந்தேனோ.
அதையும் போட்டேன்.

எஃகுத் தகடு, எட்டுத் திருகு.
அதில் ஒரு திருகு நான் வெட்டிய வரி.
எது என்று எப்பியேயிடம் சொல்லவில்லை.
அடுத்த மழையில் வலிக்கும்போது
அவனே கண்டுபிடிப்பான்.

டிசம்பரில் ஒரு நாள், விடிகாலை ஐந்து மணிச் செய்தி.
அந்நேரம் கேட்பவர்கள் காவலாளிகளும் ரொட்டிக்காரர்களும்.
துறைமுகத்தில் சமரசம், பாக்கி முழுதும் கைக்கு வந்தது
என்று வாசித்தேன்.
தாளில் அதற்குக் கீழே வெற்றிடம்.
அதையும் வாசித்தேன்.
எங்கள் மாதங்களை. ஒன்பது வருஷப் பிடித்தத்தை.
பெஞ்சு துடைக்கும் பிள்ளைகளை.

ஏழு மணிக்கு அட்டையை மேஜையில் வைத்தேன்.
தாங்கூ ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தார்.
"பிள்ளைக்குப் பல் தேவலையா?" என்றார்.

தெருமுனையில் ரொட்டிக்காரர்
நீள ரொட்டியைப் பிளந்து வெண்ணெய் தடவியபடி கேட்டார்:
"காலையில ஒரே இரைச்சல்.
பத்து மாசம்னா சொன்னே?"

எப்பியே இருந்திருந்தால் இரைச்சல் இருக்காது.
"பன்னிரண்டு" என்றேன்.

கத்தியைக் கீழே வைத்தார்.
விரல்விட்டு எண்ணிப் பார்த்தார்,
போதவில்லை.