பக்கத்து வீட்டுச் சாட்சி

குடிவரவு அலுவலகத்திலிருந்து இருவர் வந்திருந்தார்கள்.
நொங்காயில் மழை விட்டிருந்த நேரம்.
நூடுல்ஸ் அண்டாவை இறக்கிவைத்துவிட்டுப் போனேன்
விரலில் கொத்தமல்லி வாசத்தோடு.

டுவாங்தாவும் ஹால்வார்டும் சோபாவில் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள்.
வீட்டு எண் தெரிய ஒரு படம்,
கட்டில் அருகே ஒன்று.
"இயல்பாக இருங்கள்" என்றார் அதிகாரி.
அதற்கப்புறம் இருவருக்கும் கை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

வங்கியில் நான்கு லட்சம் பாட், இரண்டு மாதமாய்த் தொடாமல்.
கல்யாணப் பதிவு.
வீட்டுக்கு வழி சொல்லும் வரைபடம்,
அதில் என் கடையும் ஒரு சின்னக் கட்டம்.

"இவர்கள் சேர்ந்துதான் வாழ்கிறார்களா?"

மின்விசிறி யார் பக்கம் என்று
இரவு பதினொன்றுக்கு நடக்கும் சண்டை
சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு மனப்பாடம்.
புளித்த மீனுக்கு அவன் மூக்கைப் பொத்த,
அவன் செருப்பை அவள் மீகாங்கில் வீச,
மறுநாள் அவனே அந்த மீனை வாங்கிவந்தான்,
வெறுங்காலோடு.
அவள் காய்ச்சலில் கிடந்தபோது
என் தாய்மொழியைக் குதறியெடுத்து
கஞ்சி வைப்பது எப்படி என்று கேட்டான்.

"ஆமாம்" என்றேன். கையெழுத்துப் போட்டேன்.

திரும்பி வந்து அடுப்பை மூட்டினேன்.
என் வீட்டின் நீலப் பதிவேட்டில்
முதல் வரி இன்னும் என் கணவன்.
தைவான் போய் பதினோரு வருடம்.
எங்களைப் படமெடுக்க
ஒருவரும் வந்ததில்லை.

அடுத்த வருடமும் கேட்பார்களாம்.
அதற்குள் டுவாங்தாவிடம் சொல்லிவைக்க வேண்டும்,
இன்னொரு மின்விசிறி வாங்கிவிடாதே என்று.