கறை படியாத மண்

கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்குத் தெற்கே
நாலாவது தோப்பு. காலை ஆறு ஐம்பது.
சொட்டுநீர்க் குழாய் ஒன்று ஒழுகிக்கொண்டிருந்தது.
அடைக்கப் போன பண்ணையாளை
அதட்டி நிறுத்தினார் இன்ஸ்பெக்டர்.
ஒழுகுதுன்னா ஒழுகுதுன்னே எழுது, தாட்சாயணி.

எழுதினேன்.
பார்வை மகஜரில் கண்ணில் பட்டது மட்டும்.
செருப்பு ஒன்று, இடது கால், வார் அறுந்து ஊக்கு குத்தியது.
தேங்காய் உரிக்கும் பாரைக்கும் பிரேதத்துக்கும் இடையே
எட்டு அடி நாலு அங்குலம்.
சென்னியப்பன், வயது நாற்பத்தொன்று.
செவ்வாய்தோறும் சந்தையில்
இளநீருக்கு ஐம்பது காசு குறைத்துக் கேட்டால்
லாரிக்காரன் சாவியைப் பிடுங்கி வைத்துக்கொள்வான்.
அது எனக்குத் தெரியும்.
தெரிந்ததை எழுத அதில் இடம் கிடையாது.

தலைப்பில் முன்னூற்றிரண்டு என்று கை எழுதிவிட்டது,
பதினாறு வருஷப் பழக்கம்.
அடித்து, சுருக்கொப்பமிட்டு,
நூற்று மூன்று என்று திருத்தினேன்.

ஜூடி வந்தது.
செருப்பை மோந்து, பாத்தி தாண்டி,
கள்ளு ஷாப்பு வேலிவரை ஓடி
உட்கார்ந்துகொண்டது. வேலிக்கு அப்பால் கேரளா.
நாய்க்கே எல்லை தெரியுது பார் என்றார் யாரோ.
நாக்கு தொங்கியது. அதற்குத் தண்ணீர் வேண்டியிருந்தது.
கொழிஞ்சாம்பாறை ஸ்டேஷனிலிருந்து பைக்கில் வந்த சுகதன்
ஒரு காலை ஊன்றியபடியே கேட்டார்:
இது ஞங்ஙளுடெ அல்லல்லோ?
இல்லை என்றதும்
வண்டியைத் திருப்பாமல் கொஞ்ச நேரம் நின்றார்.

பிறகு மண்.
இரத்தக்கறை படிந்த மண், பொட்டலம் ஒன்று.
கறை படியாத மண், பொட்டலம் ஒன்று.
ரெண்டாவது எதுக்குங் என்று கேட்டார்
சாட்சிக் கையெழுத்துக்கு நின்ற நாச்சிமுத்து.
ஒத்துப் பாக்க.
மூன்றடி தள்ளித் தோண்டினேன்.
கட்டெறும்பு ஒன்று கரண்டியோடு ஏறி வந்தது,
தட்டிவிட்டேன்.
அரக்கு உருகிக் கட்டைவிரலில் சொட்டிய வடு
இன்னும் இருக்கிறது.

பதினாலு மாதம் கழித்துப் பொள்ளாச்சியில்,
கூண்டில்:
மூன்றடி எந்தத் திசையில்?
மேற்கே.
மேற்கே எல்லைக்கல் இருந்ததா?
டிராக்டர் பிடுங்கிப் போட்டிருந்தது.
அப்படியானால் அந்தச் சுத்தமான மண்
எந்த மாநிலத்து மண்?
பின்வரிசையில் சிரித்தார்கள்.
நீதிபதி மின்விசிறியைப் பார்த்தார்.
தட்டச்சில் ஏறியது:
'அது கேரளத்து மண் என்று சொன்னால் சரியல்ல.
எந்த மண் என்று எனக்குத் தெரியாது.'

ஆய்வக அறிக்கை இரண்டே வரி.
உருப்படி ஒன்று, மனித இரத்தம்.
உருப்படி இரண்டு, இரத்தம் காணப்படவில்லை.
இங்கே ஒன்றும் நடக்கவில்லை என்று
அந்த வழக்கு முழுக்க
அரசாங்கம் கையெழுத்துப் போட்டது
அந்த ஒரு பொட்டலத்துக்கு மட்டும்.

நூற்று மூன்று நூற்றைந்தானது.
திடீர்க் கோபம், முன்திட்டம் இல்லை,
கொலை ஆகாத மரணம்.
மைத்துனனுக்கு ஏழு வருஷம்.
வாய்க்கால் தண்ணீர் முறை
இப்போது வேறு யாருக்கோ.

ஐப்பசியில் வேலாத்தாள் ஸ்டேஷனுக்கு வந்தாள்.
கையில் தூக்குப்போசி, காலி.
ஏனுங்,
அந்த மண்ணு கொஞ்சம் கெடைக்குமுங்களா. திதி வருது.

எந்த மண் என்று கேட்டுவிட்டேன்.
பழக்கம்.

அவள் மேஜை விளிம்பைப் பார்த்தாள்.
கறை இல்லாததுங்.

அப்பீல் காலம் முடிந்தால்
கோர்ட்டே அழித்துவிடும் என்று சொன்னேன்.
வேண்டுமென்றால் மனு எழுதிக் கொடுக்கலாம்,
கிடைக்காது, ஆனால் கொடுக்கலாம்.
போசியைக் கீழே வைத்துவிட்டு
பேனா கேட்டாள்.